மட்டமும் வாட்டமும்

உக்காருங்க அண்ணாச்சி. அந்த ஸ்டூல் வேண்டாம், அது ஆடும். இந்தப் பெஞ்சில உக்காருங்க. சோபா பக்கத்துல வைக்க மேசை வேணும்னு சொல்லுதிய, சரி. ஆணி இல்லாம வேணும்னு சொல்லுதிய, ரொம்பச் சந்தோசம், அதுக்கு என்கிட்ட வந்ததுதான் சரி. மரம் எதுன்னு பெறகு பேசுவோம். அளவும் பெறகு பேசுவோம். முதல்ல இதைச் சொல்லுங்க: உங்க வீட்டுத் தரை போட்டது யாரு?

சிரிக்காதிய. நான் வெளையாட்டுக்குக் கேக்கல. குற்றாலிங்கம் சார் வீட்டு விசயம் நடந்த பெறகு, தரையைப் பாக்காம நான் ஒரு பலகையிலயும் கோடு போடுததில்ல. என்ன விசயம்னு கேளுங்க, அவசரம் ஒண்ணும் இல்லேல்லா? நல்லது.

எம் பேரு ஆவுடையப்பன்னு உங்களுக்குத் தெரியும். வியாகப்பனைத் தெரிஞ்சிருக்காது. கொத்தனாரு. இந்தத் தென்காசியில நானும் அவனும் இருவத்திரண்டு வருசமாச் சேந்து வேலை பாத்திருக்கோம். அவன் சுவரு எழுப்ப எழுப்ப நான் நிலை நிறுத்துவேன். எங்க வேலை கெடைச்சாலும் அவன் என்னைச் சொல்லுவான், நான் அவனைச் சொல்லுவேன். எம் மக சடங்குக்கு அண்டா, குண்டானெல்லாம் அவன் வீட்டுல இருந்துதான் வந்துது. மத்தியானம் அவன் வீட்டு மீன்கொழம்புல பாதி என் தூக்குச்சட்டிக்கு வந்துரும். அப்படிப்பட்டவன்.

அவன் தரை போட்ட வீடுதான் குற்றாலிங்கம் சார் வீடு. கதவு, நிலை எல்லாம் நான். சாரு பள்ளிக்கூடத்துல பூகோளம் சொல்லிக்குடுத்து ரிடையர் ஆனவரு. கேரளாவுல எங்கயோ லாட்ஜுல தங்குன எடத்துல ஆணி அடிக்காத மேசை ஒண்ணப் பாத்துட்டு வந்து, அதே மாதிரி சோபாவுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு வேணும்னு வியாகப்பன்ட்ட கேட்டிருக்காரு. அவன் ஒரே வார்த்தைதான் சொல்லியிருக்கான். "ஆவுடை இருக்கான் சார்."

நாப்பது நாளு செஞ்சேன். வேங்கை மரம். காலுல உளியால துளை எடுக்கணும். சட்டத்து முனையை நாக்கு மாதிரி செதுக்கி அந்தத் துளைக்குள்ள எறக்கணும். அந்த நாக்குக்குப் பேருதான் கழுந்து. லூசா இருந்தா ஆடும், இறுக்கமா இருந்தா காலு பிளந்துரும். கொட்டாப்புளியால நாலு தட்டுத் தட்டினா பெருமூச்சு விட்டுக்கிட்டு உள்ள போவணும். போச்சு. எட்டுக் காலுலயும் அப்படித்தான் போச்சு. ஆணி கிடையாது, ஸ்க்ரூ கிடையாது, பசை கிடையாது. எம் பொஞ்சாதி கோமு வந்து பாத்துட்டு, "நம்ம கட்டிலு நாலு வருசமா ஆடுது, அதுக்கு ஒரு வழியக் காணும்"ன்னா. பொம்பளையளுக்கு வேலையோட அருமை தெரியாது.

புதன்கிழமை கொண்டு போயி வச்சேன். சோபாவுக்கு இடது பக்கம் வச்சது பாறை மாதிரி நின்னுது. வலது பக்கம், வாசலை ஒட்டி வச்சேன். சாரு காப்பி டம்ளரை வச்சுட்டு பேப்பரை விரிச்சாரு. டக். இந்தப் பக்கம் கையை ஊன்னாரு. டக். காப்பி முழுக்க பேப்பர்ல.

சாரு வீட்டம்மா சண்முகவடிவு அடுக்களையில இருந்து எட்டிப் பாத்தாவ. "ஆசாரி, ஒரு காலு குட்டையோ?"

அண்ணாச்சி, என்னைய குட்டையன்னு சொல்லியிருந்தாக் கூட பொறுத்திருப்பேன். ரெண்டு மேசையையும் எடம் மாத்தி வச்சேன். ஆடுன மேசை இடது பக்கம் கம்முன்னு நிக்கி. ஆடாத மேசை வலது பக்கம் போயி டக், டக். "பாத்தியளாம்மா? குத்தம் மேசையில இல்ல. தரையில."

அம்மா உள்ள போனாவ. ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தாந்து நாலா மடிச்சு அந்தக் காலுக்கு அடியில சொருகினாவ. ஆட்டம் நின்னுட்டு. "இதுக்கா இவ்வளவு பேச்சு"ன்னு அடுப்பைப் பாக்கப் போயிட்டாவ.

நான் குனிஞ்சு அதை உருவிட்டேன். பெறகு? நாப்பது நாளு ஆணி இல்லாம, பசை இல்லாம செஞ்ச மேசைக்கு பத்திரிகைய முட்டுக் குடுக்கவா? மறுநாள் போனேன், திரும்பச் சொருகியிருக்கு. உருவினேன். அதுக்கு மறுநாளும் போனேன். இதுக்குன்னே போகல, அந்த வழியாப் போனேன். உருவினேன். நான் பிடிவாதக்காரன் கிடையாது, யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. ஆனா நெசம்னு ஒண்ணு இருக்குல்லா.

வியாகப்பனைக் கூட்டிட்டுப் போனேன். உள்ள வந்து மேசையைத் தடவிப் பாத்தான். "ஏ ஆவுடை, நல்லா வந்திருக்கு வே"ன்னான்.

"மேசை நல்லாத்தான் இருக்கு. உம்ம தரைதான் நொண்டுது"ன்னேன்.

அவன் மொகம் மாறிட்டு. "தரைன்னா வாட்டம் வேணும் வே, லேசாச் சரிவு. தண்ணி ஊத்திக் கழுவினா வாசலுக்குப் போவணும். சுவத்துல இருந்து ஒரு வாட்டம், சோபாப் பக்கமிருந்து ஒரு வாட்டம். ரெண்டும் சேருத எடத்துல உம்ம மேசை நிக்கி. ரெண்டு காலை ஒரு நூலு அளவுக்கு இழைச்சு விடும், சரியாப் போயிரும்."

"நான் ஏன் இழைக்கணும்? உம்ம தரையை இழையும்."

அம்மாட்ட ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி நடு ஹால்ல விட்டான் வியாகப்பன். அது உருண்டு, சோபாவைச் சுத்தி, வாசலைத் தாண்டி, படியில எறங்கித் தெருவுக்கே போயிட்டு. "பாத்தியளா சார்? இதான் தரை"ன்னான் அவன். "பாத்தியளா சார்? இதான் தரை"ன்னேன் நானும். ரெண்டு பேரும் ஒரே பழத்தைக் காட்டித்தான் சொன்னோம்.

இந்த எடத்துலதான் சாரைப் பத்திச் சொல்லணும். அதுவரைக்கும் அவரு பேப்பரு வாசிக்கிறதும் தூங்குறதுமா இருந்தவரு. அந்தப் பழம் உருண்டதும் மனுசன் எந்திரிச்சு நின்னுட்டாரு. கண்ணு மின்னுது. "ஆசாரி, இது அளக்க வேண்டிய விசயம்"ன்னாரு.

மறுநாள் போறேன், சாரு தரையில குப்புறப் படுத்துக் கெடக்காரு. நெஞ்சு வலியோன்னு பயந்துட்டேன். மட்டம் பாக்க தண்ணி ரொப்பின ட்யூபு ஒரு கையில, சாக்பீசு ஒரு கையில. ஹால் பூரா கோடு. சமவுயரக் கோடாம் அது. ஒரே ஒசரத்துல இருக்க எடத்தையெல்லாம் சேத்துப் போடுத கோடு. சோபா மூலையில "பொதிகை"ன்னு எழுதியிருக்காரு. வாசல்கிட்ட "பாலக்காட்டுக் கணவாய்". நாலு நாளு அம்மாவைப் பெருக்க விடல, கோடு அழிஞ்சிரும்னு.

"ரிடையர் ஆனா மத்த ஆம்பளைய கோயிலுக்குப் போறாவ"ன்னாவ அம்மா. எனக்குச் சந்தோசம். படிச்ச மனுசன் ஒருத்தரு நம்ம பக்கம் இருக்காருல்லா.

அஞ்சாம் நாளு சாரு தீர்ப்புச் சொல்லிட்டாரு. பழைய டைல்சுக்கு மேலேயே புது டைல்சு, ஹால் பூரா, ஒரே மட்டம். வாட்டமே கூடாது. கொத்தனாரு? வியாகப்பன்தான். வேற யாரையும் சாரு நம்பமாட்டாரு.

வியாகப்பன் என்னைப் பாத்துக் கேட்டான். "எங் கையால போட்ட தரையை எங் கையாலயே மூடச் சொல்லுதீரா வே?"

"சரியா போட்டிருந்தா மூட வேண்டியதில்லையே"ன்னேன்.

அந்தக் கேள்விதான் அவன் என்கிட்ட கடைசியாப் பேசுனது. அதுக்குப் பெறகு நாலு மாசம் பேசல. கோவத்துல போட்டான் அண்ணாச்சி அந்தத் தரையை. ஆனா என்ன வேலை! ரசமட்டத்தை எங்க வச்சாலும் நடுக்குமிழி அசையாது. ஒவ்வொரு கல்லையும் அறையுத மாதிரி வச்சான். நான் பக்கத்துல நின்னு, "அந்த மூலை லேசா ஒசரமோ?"ன்னு கேட்டேன். ஒரு உதவிக்குத்தான் கேட்டேன். அவன் கரண்டியை வச்சுட்டு வெளிய போயி அரைமணி நேரம் பீடி குடிச்சான். அவன் பீடியை விட்டு ஆறு வருசம் ஆயிருந்துது.

தரை காயுத வரைக்கும் முன்வாசலைச் சாத்தி வச்சிருந்தோம். காஞ்ச பெறகு கதவை இழுத்தா, வரல. தரை ஒன்றரை இஞ்சு ஏறியிருக்கு, கதவு உள்பக்கம் தொறக்கிற கதவு. நான் செஞ்ச கதவுதான். கீலைக் கழட்டி அடியில அறுத்தேன். இனிமே உரசவே கூடாதுன்னு கொஞ்சம் தாராளமாவே அறுத்தேன். ரெண்டு விரலு நுழையும். அடுக்களைக்குப் போக இப்ப ஒரு படி எறங்கணும். அந்த எடத்துலயும் முன்வாசல்லயும் கல்லு ஓரம் பேராம இருக்க அரை இஞ்சுக்கு வரம்பு கட்டியிருந்தான் வியாகப்பன். அம்மா முதல் நாளே தடுமாறி சாம்பாரைக் கொட்டினாவ. புது எடம், பழகணும்லா.

மேசையை வச்சோம். சாரு டம்ளர்ல தண்ணியை விளிம்பு வரைக்கும் ஊத்தி மேல வச்சாரு. அசையல. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து பாத்தாவ. எதுத்த வீட்டு வாத்தியாரம்மா வந்து பாத்தாவ. ஒருத்தரு செல்போன்ல படம் எடுத்தாரு, அசையாத தண்ணியை என்னத்தப் படம் எடுக்க? இருந்தாலும் எடுத்தாரு. நான் வேட்டியை எறக்கி விட்டுக்கிட்டு நின்னேன். திரும்பிப் பாக்கேன், வியாகப்பனைக் காணும். சாமானைக் கழுவி எடுத்துக்கிட்டுப் போயிட்டான். மீன்கொழம்பு அன்னைக்கு வரல. கோமு வச்ச துவையல்தான்.

ஆடி பொறந்துது. அதுவரைக்கும் துணியால தொடைக்கதோட சரி, முதல் வெள்ளிக்கெழமை அம்மா வருசா வருசம் செய்யுத மாதிரி ரெண்டு குடம் தண்ணியை ஹால்ல ஊத்தினாவ, கழுவ. ஊத்தின தண்ணி போகல. எங்கயும் போகல. நீங்க நெனச்சுப் பாருங்க, தண்ணிக்கு வழி தெரியல. ஹால் பூரா ஒரே மாதிரி பரவி அப்படியே நின்னுட்டு. அம்மா தொடப்பத்தால வாசலுக்குத் தள்ளினா, சுத்திக்கிட்டுத் திரும்ப வருது. துணியில முக்கிப் பிழிஞ்சு எடுக்க மத்தியானம் ஆயிட்டு.

அதையாவது விடலாம். அடுத்த வாரம் சாரல் பிடிச்சுது பாருங்க. இந்த ஊருச் சாரல் தெரியும்லா, குடையை மதிக்காது, பக்கவாட்டுல வரும். கதவுக்கு அடியில ரெண்டு விரலு எடம் இருக்கே, அது வழியா வந்துது. வந்த தண்ணி தங்கிட்டு. மூணு நாளு மழை. ஹால் ஒரு கொளம் ஆயிட்டு. சாரு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஸ்கேலோட நிக்காரு. "ஆசாரி, இங்க அரை இஞ்சு! இந்தா, அந்த மூலையிலயும் அரை இஞ்சு! நடுவுலயும் அரை இஞ்சு!" அப்பேர்ப்பட்ட மட்டம். ரெண்டு மேசையும் தண்ணிக்குள்ள நிக்கி. நான் தொட்டுப் பாத்தேன். அசைவு இல்ல. தண்ணி குடிச்சு கழுந்து இன்னும் இறுகியிருக்கு.

அன்னைக்குத்தான் அம்மா கல்லிடைக்குறிச்சியில இருக்க தங்கச்சி வீட்டுக்குக் கெளம்பினாவ. மூட்டுவலிக்கு ஈரம் ஆகாதுல்லா, அதான். போகும்போது செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு தண்ணிக்குள்ள நடந்து வந்து எங்க ரெண்டு பேரு முன்னாலயும் நின்னாவ. "அந்த மேசையைக் கட்டிக்கிட்டு இருங்க ரெண்டு பேரும்"ன்னாவ. அவிய தமாசாப் பேசுவாவ.

முதல் நாளு சாரு ஒரு நோட்டுல எல்லா அளவையும் எழுதினாரு. ரெண்டாம் நாளு அவரே பொங்கினாரு, எனக்கும் ஒரு தட்டு குடுத்தாரு, உப்பு இல்ல. மூணாம் நாளு போனேன். சாரு சோபாவுல காலைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. பேப்பரு மடிச்சபடி கெடக்கு. சாரு என்னைப் பாத்தாரு.

"எல்லா எடத்துலயும் அரை இஞ்சு, ஆசாரி. அளந்து முடிச்சாச்சு. இனிமே என்ன செய்ய?"

நான் வேட்டியை மடிச்சுக் கட்டினேன்.

"போன் போட்டா எடுக்கமாட்டேங்கா. தங்கச்சிதான் எடுக்கா. முப்பத்தாறு வருசத்துல அவ இப்படி இருந்ததில்ல வே"ன்னாரு. "நீரு போயி கொத்தனாரைக் கூட்டியாரும்."

நானா? நாலு மாசமாப் பேசல. இருந்தாலும் சாருக்காகப் போனேன். எனக்காக இல்ல. வியாகப்பன் வீட்டு வாசல்ல நின்னேன், உள்ள போகல. அவன் பொஞ்சாதி மரியபாக்கியம் வந்தாவ. உள்ள அவன் உக்காந்திருக்கது ஜன்னல் வழியாத் தெரியுது.

"மைனி, சார் வீட்டு ஹால்ல தண்ணி நிக்கின்னு சொல்லுங்க."

மைனி திரும்பி, "தண்ணி நிக்காம்"ன்னாவ.

உள்ள இருந்து சத்தம் வந்துது. "மட்டம் கேட்டவர்ட்ட அந்த மட்டத்தைக் குடிக்கச் சொல்லு."

மைனி என்கிட்டத் திரும்பினாவ. "எனக்கும் கேட்டுது மைனி"ன்னேன். அவிய எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு, "அடுப்புல மீன் கெடக்கு"ன்னு உள்ள போயிட்டாவ. நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்னேன். நல்ல வாசனை. பெறகு வந்துட்டேன்.

மறுநாள் காலையில சார் வீட்டுக்குப் போனா, எனக்கு முன்னாலயே வியாகப்பன் வந்து வாளியோட நிக்கான். என்னைப் பாக்கல. நானும் ஒரு வாளி எடுத்தேன். சாரு பழைய வேட்டியைக் கிழிச்சு ஆளுக்கொரு துண்டு குடுத்தாரு. மூணு பேரும் குந்தி உக்காந்து முக்கிப் பிழிஞ்சோம். பத்து மணி வரைக்கும் பிழியுத சத்தந்தான்.

வேலை முடிஞ்சதும் வியாகப்பன் போன் அடிச்சான், அம்மாவுக்கு. அவன் போனை அம்மா எடுத்தாவ! ஸ்பீக்கர்ல போட்டான்.

"கொத்தனாரே, வீடு கட்டும்போது உங்ககிட்ட என்ன கேட்டேன்?"

"வாட்டம் கேட்டியம்மா. அடுக்களைச் சுவத்துல இருந்து ஒண்ணு, சோபாப் பக்கமிருந்து ஒண்ணு. எங்க ஊத்தினாலும் வாசலுக்குப் போவணும்னு நீங்கதான் நின்னு வைக்கச் சொன்னிய."

"எனக்கு அந்தத் தரை வேணும். அது வந்த பெறகு நான் வாரேன்." வச்சுட்டாவ.

சாருக்கே இது தெரியாது. "இதை ஏன் கொத்தனாரே முதல்லயே சொல்லல?"ன்னாரு.

"யாரு சார் கேட்டா?"ன்னான் வியாகப்பன், என்னைப் பாக்காம. இது எனக்குத் தெரியும்னு யாரும் நெனைக்கக் கூடாது. எனக்கு எப்படித் தெரியும்? நான் அளவைத்தான் பாத்தேன்.

ஒம்போது நாளு. மேல போட்டதைப் பூரா பேத்து எடுத்துட்டு பழைய வாட்டத்துக்கே திரும்பப் போட்டான். நான் கதவுக்கு அடியில ஒரு சட்டம் சேத்தேன், கழுந்து வச்சுத்தான், ஒட்டு தெரியாது. தரை காஞ்சதும் மேசையை அந்த எடத்துல வச்சோம். மூணு பேரும் சுத்தி நின்னோம். யாரும் தொடல. கடைசியில சாரு ஒரு விரலை வச்சாரு. டக்.

அப்ப நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ரம்பத்தை எடுத்தேன். நான் பிடிவாதக்காரன் கிடையாதுங்கதுக்கு இதுதான் அத்தாட்சி. எந்தக் காலு எவ்வளவு தூக்குதுன்னு மூங்கில் சீவலை உள்ள விட்டுப் பாத்து, கோடு போட்டு, மேட்டுல ஊணி நின்ன மத்த ரெண்டு காலையும் ஒரு நெல்லுக் கனத்துக்கு அறுத்தேன். அடியை அந்தத் தரையோட சாய்வுக்கே சாய்ச்சு இழைச்சேன். சரியா வரணும்னுதான் இத்தனை வருசம் செதுக்குன கை, இப்ப கோணலா வரணும்னு செதுக்குது. மேசை சாயப் போகும்போது யாரோ மேல பிடிச்சாவ. நிமிந்து பாத்தா வியாகப்பன். ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கான். நான் முடிக்கிற வரைக்கும் விடல.

வச்சோம். நின்னுது. இடது பக்கத்து மேசையை விட ஒரு படி மேலாவே நின்னுது. இந்த ஒலகத்துல வேற எந்தத் தரையிலயும் அது நிக்காது. அந்த ஒரு எடத்துக்குன்னே பொறந்த மேசை. சாரு டம்ளரை வச்சுப் பாத்துட்டு என் தோளைத் தட்டினாரு.

வெள்ளிக்கெழமை அம்மா வந்தாவ. பையைக் கூட கீழ வைக்கல. நேரா ஒரு குடம் தண்ணியை எடுத்தாந்து அடுக்களை வாசல்ல நின்னு ஊத்தினாவ. அது சலசலன்னு ஓடி, மேசைக் காலைச் சுத்தி, வாசலைத் தாண்டிப் படியில எறங்கிட்டு. அம்மா வியாகப்பனைப் பாத்துச் சிரிச்சாவ. பெறகு சாரைப் பாத்தாவ. "உடம்பு எளைச்சிருக்கு"ன்னாவ. சாரு, "உப்பு எங்க வச்சிருக்கன்னே தெரியலடி"ன்னாரு, பச்சப்புள்ள மாதிரி.

அம்மா சோபாவுல உக்காந்தாவ. நான் மேசையைப் பத்தி ஏதாவது சொல்லுவாவன்னு நிக்கேன். அவிய கண்ணைச் சுருக்கிக்கிட்டு ஜன்னலைப் பாக்காவ. கையை நெத்திக்குக் கொடையாப் பிடிக்காவ.

"இங்க சாயங்கால வெயிலு நேரா மூஞ்சில அடிக்கி. சோபாவை எடுத்து அந்தச் சுவத்து ஓரமாப் போடுங்க. மேசை ரெண்டையும் சேத்துத்தான்."

சாரு என்னைப் பாக்காரு. நான் மேசைக் காலைப் பாக்கேன். அப்ப ஒரு சத்தம் கேட்டுது. வியாகப்பன். முதல்ல மூக்கால வந்துது, பெறகு வாயால வந்துது, அப்புறம் ஈரத்தரைன்னும் பாக்காம அவன் அப்படியே உக்காந்துட்டான். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கான், கண்ணுல தண்ணி. அவன் காலு பட்டு, சுவத்துல சாத்தியிருந்த தொடப்பம் வாசல் பக்கமாச் சறுக்கிக்கிட்டுப் போவுது. எனக்குச் சிரிப்பு வரல அண்ணாச்சி. எனக்கு என்ன வந்துதுன்னு சொல்லத் தெரியல.

அவன் கண்ணைத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சான். சோபாவோட அந்தக் கோடிக்குப் போயி குனிஞ்சான்.

"ஏ ஆவுடை. பிடி வே அந்த முனையை."

பிடிச்சேன்.